பதினோரு வயதில் பட்டாளமா? பாய்ஸ் ஸ்போர்ட்ஸ் கம்பெனி பற்றி ஓர் எளிய விளக்கம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பட்டாளம் புதிய விஷயம் இல்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் சர்வீஸ் முடித்து வந்த ஒரு ஹவில்தாரோ சுபேதாரோ இருப்பார். அதனாலேயே பட்டாளம் பற்றிய எதுவும் நமக்குத் தெரிந்ததுதான் என்று நினைத்துக்கொண்டு ஆளுக்கொன்று சொல்கிறோம். ராணுவ வளாகத்தில் சிறுவர்களைத் தங்கவைத்துப் படிப்பும் விளையாட்டுப் பயிற்சியும் கொடுக்கிற பாய்ஸ் ஸ்போர்ட்ஸ் கம்பெனி விஷயத்தில் இது ரொம்ப அதிகம். ஒருவர் ஆறாம் வகுப்புப் பையனையே ஆர்மியில் எடுத்துக்கொள்கிறார்கள் என்கிறார், இன்னொருவர் உள்ளே போய்விட்டால் சர்க்கார் வேலை உறுதி என்கிறார், மூன்றாமவர் பால் மணம் மாறாத பிள்ளை கையில் துப்பாக்கி கொடுக்கிறார்களாம் என்று பயப்படுகிறார். மூன்றுமே தவறு. தவறு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், ஆனால் மகனை அனுப்பலாமா என்று யோசிக்கிற ஒரு வீட்டுக்கு அது போதாது. அதனால் அடியிலிருந்து பார்ப்போம்.

எதோடு குழப்பிக்கொள்கிறோம்

பள்ளியில் இருக்கிற என்.சி.சி. இது இல்லை. என்.சி.சி. 1948-இல் தொடங்கியது. அதில் பையன் வீட்டில்தான் இருப்பான், அணிவகுப்பு நாளில் காக்கி போடுவான், வருடத்தில் ஒரு முகாமுக்குப் போய்வருவான். சைனிக் பள்ளியும் இது இல்லை. உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் 1962 முதல் இருக்கிற அந்தப் பள்ளிக்கு எழுத்துத் தேர்வு உண்டு, கட்டணம் உண்டு, பிள்ளைகளை அதிகாரிப் பயிற்சிக்குத் தயார் செய்வது அதன் நோக்கம். டேராடூனில் இருக்கிற ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரியும் அந்த வழிதான்.

பாய்ஸ் ஸ்போர்ட்ஸ் கம்பெனிக்கு எழுத்துத் தேர்வு மதிப்பெண் முக்கியமில்லை. பையனின் உடலும் விளையாட்டும்தான் நுழைவுச்சீட்டு. ஏறத்தாழ 8 வயதிலிருந்து 14 வயது வரையுள்ள சிறுவர்களைத் தேர்ந்தெடுத்து, தங்க இடம், சாப்பாடு, பள்ளிப் படிப்பு, விளையாட்டுப் பயிற்சி எல்லாம் இலவசமாகக் கொடுத்து வளர்க்கிற திட்டம் இது.

யார் நடத்துகிறார்கள்

இரண்டு தரப்பு சேர்ந்து நடத்துகிறது. ஒன்று ராணுவம், மற்றது இந்திய விளையாட்டு ஆணையம், சுருக்கமாக சாய். இடம், பேரக் என்கிற தங்கும் கட்டடம், நிர்வாகம், ஒழுங்கு எல்லாம் ராணுவத்தின் பொறுப்பு. பயிற்சியாளர், விளையாட்டுச் சாதனம் போன்றவற்றுக்கு சாய் கைகொடுக்கிறது.

கம்பெனி என்பது ராணுவத்தில் ஒரு பட்டாலியனின் உட்பிரிவு, சுமார் நூறு பேர் கொண்ட குழு. இந்தச் சிறுவர்களின் குழு பெரும்பாலும் ஒரு ரெஜிமெண்டல் சென்டருக்குள் இருக்கும். ரெஜிமெண்டல் சென்டர் என்றால் புதிதாகச் சேர்கிற சிப்பாய்களைப் பயிற்றுவிக்கிற தலைமை இடம். நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்தது குன்னூர் பக்கத்து வெலிங்டனில் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர். அங்கேயும் பெங்களூரில் மெட்ராஸ் என்ஜினியர் குழுவின் சென்டரிலும் இப்படிச் சிறுவர்கள் பிரிவு உண்டு. பெலகாவியில் மராட்டா ரெஜிமெண்ட் சென்டரில் மல்யுத்தம் பேர்பெற்றது. புணேயில் 2001-இல் தொடங்கிய ராணுவ விளையாட்டு நிறுவனம் வில்வித்தை, தடகளம், குத்துச்சண்டை, டைவிங், மல்யுத்தம், பளுதூக்குதல், வாள்வீச்சு என்று ஏழு விளையாட்டுகளை எடுத்துக்கொண்டது. டைவிங் என்றதும் எனக்கு நம் கடற்கரைப் பையன்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். துறைமுகச் சுவரிலிருந்து தலைகீழாகக் குதிக்கிற பையனுக்கு இப்படி ஒரு விளையாட்டு இருக்கிறது, அதற்குப் பயிற்சி கொடுக்க ஓர் இடம் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருப்பார்களா?

சரி, இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: இது பள்ளி என்.சி.சி. இல்லை, அதிகாரிகளை உருவாக்குகிற பள்ளியும் இல்லை. ராணுவ வளாகத்துக்குள் இருக்கிற, விளையாட்டை மையமாகக் கொண்ட விடுதி வாழ்க்கை. பையன் படையில் பதிவானவன் அல்ல, சிப்பாயும் அல்ல.

ரப்பர் வைத்தவருக்குப் புரியும் கணக்கு

குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வைத்தவர்களிடம் இதை விளக்குவது சுலபம். கன்று நட்ட மறுவருடம் யாரும் கத்தியை எடுத்துக்கொண்டு போவதில்லை. தரையிலிருந்து 125 செ.மீ. உயரத்தில் தண்டின் சுற்றளவு 50 செ.மீ. வந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் பால் வெட்டத் தொடங்குவார்கள். அதற்குச் சுமார் 7 வருடம் ஆகும். அதுவரை உரம், களை, காவல் என்று செலவு மட்டும்தான். அவசரப்பட்டு முன்பே வெட்டினால் மரம் பருக்காமல் நின்றுவிடும். ஏழு வருடம் ஆகிவிட்டது என்பதற்காக எல்லா மரத்தையும் வெட்டவும் முடியாது, சுற்றளவு வராத மரம் வரிசையில் இருக்கத்தான் செய்யும்.

பாய்ஸ் ஸ்போர்ட்ஸ் கம்பெனியின் கணக்கும் இதுதான். 11 வயதில் உள்ளே வருகிற பையன் 17½ வயதுவரை வளர்க்கப்படுகிறான். அந்த வயது வந்ததும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, மருத்துவத் தகுதி, உடல் தகுதி, விளையாட்டில் எட்டிய தரம் எல்லாம் பார்த்து, அப்போதுதான் படையில் சேர்க்கும் பேச்சு. வயது மட்டும் போதாது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் வேலை உறுதி என்கிற பேச்சு எங்கே தவறுகிறது என்பது தெரிந்துவிடும். உள்ளே போவது வாய்ப்பு, அவ்வளவுதான்.

தேர்வு நாளில் என்ன பார்க்கிறார்கள்

அறிவிப்பு வரும், குறிப்பிட்ட நாளில் மைதானத்துக்கு வரச்சொல்வார்கள். ஓட்டம், தாண்டுதல், எறிதல் போன்ற சோதனைகள் நடக்கும். உயரம், எடை, கை விரித்த அகலம் அளப்பார்கள். ஏற்கெனவே மாவட்ட, மாநில அளவில் ஆடியிருந்தால் அந்தச் சான்றிதழ் பயன்படும். பிறகு மருத்துவர் பார்ப்பார். உடம்பில் நிரந்தரப் பச்சை குத்தியிருந்தால் அங்கேயே வழி அடைபடலாம், திருவிழாவில் ஆசைக்குக் குத்திக்கொள்கிற பையன்கள் கவனிக்க வேண்டியது இது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாவற்றிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று முதல் நாளே சரிபார்த்துவிடுங்கள்.

இங்கே எனக்கு அதிகம் சொல்ல வேண்டியது வயதைப் பற்றி. பையனுக்கு ஒன்றிரண்டு வயது குறைத்துக் காட்டினால் சின்னவர்களோடு ஓடி ஜெயித்துவிடுவான் என்று நினைக்கிற பெற்றோர் இருக்கிறார்கள், சொல்லிக்கொடுக்கிற பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். காகிதத்தை மாற்றலாம், எலும்பை மாற்ற முடியாது. இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைக் கணிக்கும் முறை இருக்கிறது. வளர்கிற பிள்ளையின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு மெல்லிய குருத்தெலும்புப் பகுதி உண்டு. எலும்பு நீளுவது அங்கிருந்துதான். படத்தில் அது இடைவெளி போலத் தெரியும், வயது ஏற ஏற மூடிக்கொண்டே வரும். மணிக்கட்டில் இருக்கிற சிறு எலும்புகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை வரிசைப்படி மதிப்பிட்டு வயதைக் கணக்கிடுகிறார்கள். அது சொல்கிற வயதும் சான்றிதழ் வயதும் ரொம்ப விலகினால் கேள்வி வரும், பையனின் உழைப்பு அத்தனையும் வீணாகும். தண்டனை அனுபவிப்பது அந்தக் குழந்தைதான், வயதைக் குறைத்தவர் அல்ல. இதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று, இந்தத் தேர்வுக்கு யாருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை. உள்ளே ஆள் இருக்கிறது, பேசி வாங்கித் தருகிறேன் என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

ஒரு நாள் எப்படிப் போகும்

விடியும் முன்பே எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். அதற்குப் பெயர் ஃபால் இன். எண்ணிக்கை சரியானதும் மைதானம். காலைப் பயிற்சி முடிந்து குளித்துச் சாப்பிட்டுப் பள்ளி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓய்வு, சாயங்காலம் மறுபடி மைதானம், இருட்டியதும் படிப்பு, ரோல் கால் என்கிற பெயர் அழைப்பு, விளக்கணைப்பு. படுக்கை விரிப்பு மடிப்பது, ஷூ துடைப்பது, சீருடை துவைப்பது எல்லாம் பையனின் வேலை. பயிற்றுவிப்பவர்களைப் பட்டாள வழக்கப்படி உஸ்தாத் என்று கூப்பிடுவார்கள்.

துப்பாக்கியும் போர்ப் பயிற்சியும் இதில் கிடையாது. ராணுவத்தின் சாயல் இருப்பது நேரத்திலும் சுத்தத்திலும் வரிசையிலும்தான்.

பையனுக்குக் கஷ்டமாக இருப்பது ஓட்டம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் முதல் சில மாதங்களில் அவனை அசைத்துப்பார்ப்பது மொழி. பேச்சு பெரும்பாலும் இந்தி, பாடம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ. தமிழ் வழியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்துவிட்டுப் போகிற பையன் மைதானத்தில் முதல் ஆளாக ஓடிவிட்டு வகுப்பில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பான். அடுத்தது சாப்பாடு. மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் தின்று வளர்ந்தவனுக்கு லங்கர் என்கிற சமையற்கூடத்தின் சப்பாத்தியும் பருப்பும் பிடிபட நாளாகும். வெலிங்டன் என்றால் குளிர் வேறு, அது 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிற இடம். கடற்கரைக் காற்றில் வளர்ந்தவனுக்கு விடியற்காலைத் தண்ணீரே ஒரு பரீட்சை. அனுப்புவது என்று முடிவெடுத்தால் அதற்கு ஆறு மாதம் முன்பே கொஞ்சம் இந்தியும் ஆங்கிலமும் காதில் விழச் செய்யுங்கள், எந்தச் சத்துணவுப் பொடியையும்விட அது உதவும்.

ஒரு வருடம் எப்படி நகர்கிறது

எல்லா நாளும் ஒரே மாதிரி வெளுத்து வாங்கினால் பையன் முன்னேறுவான் என்பது நம்மிடையே ரொம்பப் பரவலான நம்பிக்கை. உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. பயிற்சியின்போது தசை களைக்கிறது, நுண்ணிய சேதம்கூட ஆகிறது, திறன் தற்காலிகமாகக் கீழே இறங்குகிறது. அப்புறம் சாப்பாடும் தூக்கமும் கிடைக்கும்போது உடம்பு அதைச் சரிசெய்கிறது, முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சரிசெய்து வைக்கிறது. இதற்கு மிகைஈடு என்று பெயர். அந்தக் கூடுதல் இருக்கும்போதே அடுத்த சுமையைக் கொடுத்தால் ஏற்றம். அதற்கு முன்பே கொடுத்தால் இறக்கத்தின் மேல் இறக்கம். ஆக, பலம் ஏறுவது ஓய்வில்தான், ஓய்வைத் திருடுகிற பயிற்சியாளர் பலத்தைத் திருடுகிறார்.

இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு வருடத்துக்கு விரித்துத் திட்டமிடுவதைக் காலப் பகுப்பு என்பார்கள். முதல் சில மாதம் அடித்தளம். நிறைய அளவு, குறைந்த வேகம். ஓட்டக்காரன் நீண்ட தூரம் மெதுவாக ஓடுவான், பளுதூக்குபவன் கம்பியை மட்டும் வைத்துக்கொண்டு அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வான். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், பையனுக்கும் அலுப்பாக இருக்கும். ஆனால் வருடத்தின் உண்மையான வேலை நடப்பது இந்த மாதங்களில்தான் என்பது என் உறுதியான எண்ணம். அப்புறம் அளவு குறைந்து வேகமும் கடினமும் கூடும். பிறகு போட்டிக் காலம். மாநில, தேசிய ஜூனியர் போட்டிகள், 2018 முதல் நடக்கிற கேலோ இந்தியா மாதிரியான பெரிய மேடைகள் எல்லாம் இந்தக் கட்டத்தில் குறிவைக்கப்படும். போட்டிக்கு முந்தைய நாட்களில் பயிற்சியை வேண்டுமென்றே குறைப்பார்கள். ஊரிலிருந்து போன் செய்து, போட்டி பக்கத்தில் வந்துவிட்டது, ஏன் சும்மா இருக்கிறாய் என்று மகனைத் திட்டுகிற அப்பா இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கடைசியில் ஓய்வும் லீவும்.

வளர்கிற பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. 12-லிருந்து 15 வயதுக்குள் எலும்பு சட்டென்று நீளும், தசைநாண் அதே வேகத்தில் நீளாது. முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே இருக்கிற எலும்பு மேட்டை அது இழுக்கும். அங்கே வீக்கமும் வலியும் வரும், ஓடும்போதும் குதிக்கும்போதும் கூடும். பையன் பொய் சொல்லவில்லை. பயிற்சியைக் குறைத்துக் கவனித்தால் பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது சரியாகிவிடும், அலட்சியம் செய்தால் மாதக்கணக்கில் இழுக்கும். அதே சமயம், சின்ன வயதில் எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று சொல்கிறார்களே, முறையான மேற்பார்வையில் செய்கிற பயிற்சிக்கு அப்படி ஓர் ஆதாரம் இல்லை.

சுருக்கம் இவ்வளவுதான்: சுமை, ஓய்வு, ஏற்றம் என்கிற சின்னச் சுழற்சி தினமும் நடக்கிறது. அடித்தளம், தீவிரம், போட்டி, ஓய்வு என்கிற பெரிய சுழற்சி வருடத்தில் நடக்கிறது. இரண்டும் பொருந்தினால் பையன் வளர்வான்.

லீவில் வரும்போது லேகியம் வேண்டாம்

நம் மாவட்டம் வர்ம வைத்தியத்துக்குப் பேர்போனது, வீட்டுக்கு வீடு ஏதாவது ஒரு எண்ணெய், ஒரு லேகியம், ஓர் அரிஷ்டம் இருக்கும். பிள்ளை மெலிந்து வந்திருக்கிறானே என்று பாட்டி ஒரு டப்பா கட்டிக் கொடுப்பார். அன்பில் குறை இல்லை. ஆனால் ஊக்கமருந்துச் சட்டத்தில் முழுப் பொறுப்பு என்று ஒரு விதி இருக்கிறது: வீரரின் உடலில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால், அது எப்படி வந்திருந்தாலும் பொறுப்பு வீரருடையது. டப்பாவில் என்ன இருக்கிறது என்று லேபிள் இல்லாத எதையும் அவன் பையில் வைக்காதீர்கள். இருமல் மருந்துகூட டாக்டரிடம் நான் விளையாட்டு வீரன் என்று சொல்லிவிட்டு வாங்க வேண்டும். வெளியே தடவுகிற எண்ணெயாக இருந்தாலும் அங்கிருக்கிற மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பயன்படுத்தட்டும்.

17½ வயதில் என்ன நடக்கிறது

எல்லாரும் இங்கே நீரஜ் சோப்ராவைச் சொல்வார்கள். அவர் இந்தத் திட்டத்தில் வந்தவர் அல்ல. ஏற்கெனவே பேர்பெற்ற ஈட்டி எறிபவராக, 2016-இல் நேரடியாக நாயப் சுபேதார் என்கிற இளநிலை அதிகாரிப் பதவியில் சேர்க்கப்பட்டவர். மில்கா சிங்கும் அல்ல, அவர் பெரியவராகிப் பட்டாளத்தில் சேர்ந்த பிறகு ஓடத் தொடங்கியவர். இந்த வழியில் வந்தவருக்குச் சரியான உதாரணம் மிசோரமின் ஜெரமி லால்ரின்னுங்கா. ஐஸ்வாலிலிருந்து சிறுவனாகப் புணேக்குப் போய், ராணுவ விளையாட்டு நிறுவனத்தின் சிறுவர்கள் பிரிவில் பளுதூக்கி வளர்ந்தார். 2018-இல் புவெனஸ் ஐரிஸ் இளையோர் ஒலிம்பிக்கில் 62 கிலோ பிரிவில் மொத்தம் 274 கிலோ தூக்கி, அந்தப் போட்டிகளில் இந்தியாவின் முதல் தங்கத்தை வாங்கும்போது அவருக்கு வயது 15. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் 67 கிலோ பிரிவில் 300 கிலோ தூக்கி மறுபடி தங்கம்.

அவரைப் போலப் பதக்கத்தோடு வருகிறவர்கள் சிலர். பெரும்பாலானவர்கள் தகுதி இருந்தால் சிப்பாயாகப் படைக்குள் போய்ப் படையின் அணிகளுக்கு ஆடுவார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022 ஜூனில் அக்னிபத் என்கிற ஆள்சேர்ப்புத் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு சாதாரணச் சிப்பாய் நுழைவு 4 வருடத்துக்குத்தான், அதற்குப்பின் அதிகபட்சம் 25 சதவீதம் பேர் தொடர்வார்கள். தாத்தா காலத்தில் பதினைந்து, இருபது வருடம் சர்வீஸ் போட்டுப் பென்ஷனோடு வந்த கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இன்றைக்குப் பிள்ளையை அனுப்பக் கூடாது. எந்த நுழைவு, எத்தனை வருடம், பத்தாம் வகுப்புக்குப் பிறகு படிப்பு தொடருமா, விளையாட்டில் காயம்பட்டால் என்ன ஏற்பாடு, நடுவில் திரும்ப அழைத்தால் செலவைக் கட்டச் சொல்வார்களா என்று அறிவிப்பிலும் கையெழுத்துப் போடும் படிவத்திலும் வரி வரியாகப் படியுங்கள். புரியவில்லை என்றால் ஊரில் இருக்கிற அந்த ரிட்டயர்டு சுபேதாரை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள், அவருக்கு அந்தக் காகிதத்தின் மொழி தெரியும்.

அனுப்பலாமா

பையன் கேட்டால் அனுப்பலாம், அப்பா மட்டும் கேட்டால் வேண்டாம். இதுதான் என் கருத்து. பட்டாளம் என்கிற பேருக்காகவோ வீட்டில் ஒரு வாய் குறையும் என்பதற்காகவோ அனுப்பப்பட்ட பிள்ளைக்கு அந்த வருடங்கள் ரொம்ப நீளமானவை. விளையாட்டின் மேல் தானாகவே பைத்தியமாக இருக்கிற பிள்ளைக்கு, நல்ல சாப்பாடும் பயிற்சியாளரும் மைதானமும் ஒரே இடத்தில் கிடைப்பது நம் மாதிரிக் குடும்பங்களால் காசு கொடுத்து வாங்க முடியாத விஷயம். தரம் எட்டாமல் திரும்பி வருகிறவர்களும் உண்டு. அப்படி வருகிறவனை ஊர் தோற்றவனாகப் பார்க்கக் கூடாது, அவனுக்குத் தெரிந்த பயிற்சி முறை நம் பள்ளி மைதானங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

பெண் பிள்ளைகளுக்கும் வழி திறக்கத் தொடங்கிவிட்டது. புணேயிலும், துப்பாக்கி சுடுதலுக்குப் பேர்போன மத்தியப் பிரதேசத்தின் மவ்விலும் சிறுமிகளுக்கான பிரிவுகள் வந்திருக்கின்றன. இவ்வளவு தூரம் அனுப்ப மனமில்லை என்றால் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் இருக்கின்றன. ஏழாம் வகுப்பிலிருந்து சேரலாம், ஆணும் பெண்ணும் சேரலாம், தமிழிலேயே படிக்கலாம், அதற்கும் வருடா வருடம் தேர்வுப் போட்டி உண்டு. நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் இருக்கிற மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டால் தேதி சொல்வார்கள். பிறப்புச் சான்றிதழைக் கையோடு எடுத்துப் போங்கள்.